பின்பக்கம் உட்கார்ந்த வண்டி

இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டுச் சத்தமாக எடுத்த முடிவு. எங்கள் வீட்டில் நான் சத்தமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வேளாங்கண்ணிக்குப் போவேன். ஆனால் உட்கார்ந்துகொண்டு போவேன். இதுதான் முடிவு.

நான் ஜேக்கப். ராயபுரம் கல்மண்டபத்தில் வீடு. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் பெட்டியும் ஐஸ் கட்டியும் ஏற்றி மார்க்கெட் மார்க்கெட்டாக இறக்குவது தொழில். வண்டிக்கு நான் ஓனர். எனக்குக் கிறிஸ்டினா ஓனர்.

போன வருஷம் எனக்குக் கிட்னியில் கல் வந்தது. நான் கட்டிலில் இறால் மாதிரி சுருண்டு கிடந்தபோது கிறிஸ்டினா மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். "மாதாவே, ஆபரேஷன் இல்லாம கல்லு எறங்கிடணும். எறங்கிடுச்சின்னா என் வூட்டுக்காரரு உன் கோயிலுக்கு நடந்தே வருவாரு." நான் மறுப்புத் தெரிவிக்கும் நிலையில் இல்லை. கல் இறங்கிவிட்டது. கல் என்னுடையது, பொருத்தனை அவளுடையது, கால் மட்டும் மறுபடியும் என்னுடையது. இதில் என்ன நியாயம் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

"நான் குடிச்ச வாழைத்தண்டு ஜூஸ்ல எறங்கிச்சி, கிறிஸ்டி. டாக்டரே சொன்னாரு."

"அந்த வாழைத்தண்ட மார்க்கெட்ல என் கண்ணுல காட்டுனது யாரு? மாதா."

"சரி, மாதாவுக்கு என் ஒசரத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏத்திடுவோம்."

"மெழுகுத்திரின்னா அன்னிக்கே மெழுகுத்திரின்னு சொல்லியிருப்பேன். நடைன்னு சொல்லிட்டேன். பேச்ச மாத்துறதுக்கு மாதா இன்னா உன் மீன் யாவாரியா?"

ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நான் தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் வண்டியை எடுப்பவன். என் செருப்பு தேய்ந்ததே கிடையாது, பழசாகித்தான் போகும்.

எங்கள் தெரு ஜனம் ஆகஸ்ட் மாதம் காவி உடுத்தி, கொடி பிடித்து, கூட்டமாக நடந்து போகும். அதற்குத் தலைவி வியாகுலம்மாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். கரையில் நின்று அவள் கூப்பிட்டால் கடலுக்குள் இருக்கிற போட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். நடக்கிறவர்களுக்கான அரிசி, அண்டா, அடுப்பு, பாய் எல்லாம் ஒரு வண்டியில் கூடவே வரும். வழக்கமாக வருகிற வண்டியை அதன் ஓனர் விற்றுவிட்டார். வண்டிக்கு என்ன செய்வது என்று கோயில் வாசலில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் வண்டி கீது."

கைதட்டல். வியாகுலம்மாள் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டாள்.

"ஆனா அத நான்தான் ஓட்டணும். வேற ஆளுக்கு அது மசியாது" என்று முகத்தில் கொஞ்சம் சோகத்தைத் தடவிக்கொண்டேன். "இந்த வருசமும் நடக்கக் குடுத்து வெக்கல. இன்னா பண்றது, ஜனத்துக்கு ஒரு ஒத்தாசை."

கூட்டத்தின் கடைசியில் நின்ற கிறிஸ்டினா என்னைப் பார்த்தாள். மீன் வாங்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்தாள்.

"நல்லா ஜகா வாங்குனய்யா. ஏசியில்லாத குறை ஒண்ணுதான். சொகுசா குந்திகினு போறது ஒரு பொருத்தனையா?"

"குந்திகினா? வண்டி ஓட்டுறது உனக்குக் குந்திகினு இருக்குற மாதிரி தெரியுதா?"

"வேற இன்னா? சீட்டுல குந்தற. ரோடு போவுது. நீயும் போற."

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். தொழிலைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. சோற்றுத் தட்டை எடுத்து ஸ்டியரிங் ஆக்கினேன். கரண்டியைக் கியர் ஆக்கினேன். தரையில் கிடந்த மூன்று செருப்பு கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். அரை கிளட்ச் என்றால் என்ன, மேட்டில் நின்ற வண்டி பின்னால் போகாமல் எப்படி எடுப்பது, லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் பிரேக் எப்படி மாறும் என்று வியர்க்க வியர்க்கச் சொல்லிக் காட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"இதுல இன்னா கஷ்டம் கீதுன்னுதான் எனக்குப் புரியல."

"வாய்ல சொன்னா புரியாது. ஞாயித்துக்கெழம வா. நீயே குந்திப் பாரு. அப்போ தெரியும் என் பேஜாரு."

திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரி நிற்கிற மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அங்கே அவளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். வண்டி விக்கல் எடுத்தது, குதித்தது, நின்றது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"பாத்தியா? இதுக்கு நடந்தே போயிடலாம்னு தோணுதா இல்லியா?"

"ஆமாய்யா. ரொம்பக் கஷ்டம்தான். பாவம் நீ."

கல்யாணமான நாளாக அவள் என்னிடம் 'ஆமாய்யா' என்று சொன்னதே இல்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. குளிர்ந்துபோனேன். அடுத்த ஞாயிறும் வந்தாள். "இன்னும் ஒரு தபா காட்டுய்யா, எவ்ளோ கஷ்டம்னு." ரிவர்ஸ் எடுப்பதில் உள்ள கஷ்டத்தைக் காட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு, பாலத்து மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதில் உள்ள கஷ்டம். என் கஷ்டம் ஒன்றுவிடாமல் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று மனமார உழைத்தேன்.

இதற்கிடையில் அவளுக்குப் பக்தி அதிகமாகிவிட்டது. தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள்.

"செபத்துக்கு எதுக்கு ஷூ?"

"நடந்து பழக வேணாமா? நீ வண்டில போவ. நான்தானே நடக்கணும்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று இன்னொரு அரை மணி நேரம் தூங்கினேன்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "எதுக்கும் ஒரு தபா சாமானெல்லாம் ஏத்திப் பாத்துடலாமே, அக்கா" என்று கிறிஸ்டினா வியாகுலம்மாளிடம் சொன்னாள். நல்ல யோசனை என்று நானே தலையாட்டினேன். சாயங்காலம் தெருவில் வண்டியை நிறுத்தினேன். எது எங்கே என்று கிறிஸ்டினா நின்று சொன்னாள், பையன்கள் ஏற்றினார்கள். கடைசித் தண்ணீர் டிரம் ஏறியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் ஒரு தோசைகூட நுழையாது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. லைட்டைப் போட்டேன். இரண்டாவது மாடி ஜன்னலைத் திறந்துகொண்டு ஜானட் கத்தினாள்.

"ஜேக்கப்பு அண்ணே! எங்க வூட்டு பெட்ரூமுக்கு இன்னாத்துக்கு லைட்டு அடிக்கிற?"

தெருவே சிரித்தது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினேன். பின்னால் சக்கரம் தகட்டில் உரசிக் கிறீச்சிட்டது.

"இது வேளாங்கண்ணி போவுற வண்டி இல்ல" என்றாள் வியாகுலம்மாள். "அடையாறு பாலமே தாண்டாது."

"கவலப்படாதீங்க அக்கா" என்றாள் கிறிஸ்டினா உடனே. "மாத்தூர்ல எங்க அண்ணன் நோயல் கீறாரு. வண்டியும் வெச்சிகினு கீறாரு, அவரே ஓட்டுவாரு. இவரு ஃப்ரீயாயிட்டாரு, நடந்து வரட்டும். இவருக்கும் நடக்கணும்னு எவ்ளோ ஆசை தெரியுமா?"

எனக்கு உள்ளங்கால் அங்கேயே எரிய ஆரம்பித்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நிமித்திடறேன்!" என்று கத்தினேன். "மாதா மேல ஆணை!"

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வண்டி உட்காருவது எனக்குப் புதுச் செய்தி இல்லை. 'பின்னாடி தொங்குதுய்யா, பட்டைய மாத்துய்யா' என்று கிறிஸ்டினா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நானும் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நாளை என்பது என் காலைப் பிடித்துவிட்டது.

முதலில் சுருக்கமான வைத்தியம் பார்த்தேன். பின்டயர் இரண்டிலும் காற்றை ஏற்றினேன். டயர் கல் மாதிரி ஆனது, வண்டி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் திருவொற்றியூரில் தாமஸ் பட்டறைக்கு ஓட்டினேன். லோடு ஏற்றிய அன்று ஜானட் மாடியிலிருந்து எடுத்து தெரு முழுக்க அனுப்பிவைத்த போட்டோவையும் காட்டினேன்.

தாமஸ் அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மாமு, இத ஏத்துனது யாரு?"

"வூட்டம்மாதான். ஏன்?"

"அரிசி மூட்ட, டிரம்மு, சிலிண்டரு, கனமானது பூரா கடைசில கீது. கேபின் பக்கத்துல பாயும் தலகாணியும் கீது. வெயிட்டு மொத்தமும் சக்கரத்துக்குப் பின்னால தொங்குனா, புது வண்டியே குந்திக்கும்."

"பொம்பள, அதுக்கு இன்னாண்ணே தெரியும் லோடப் பத்தி?"

தாமஸுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பின்சக்கரத்துக்கு மேலே இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமையைத் தாங்குவது அதுதான். அடியிலிருந்து தாமஸின் குரல் வந்தது.

"நைனா, பட்டைன்னா வில்லு மாதிரி வளைஞ்சி நிக்கணும். உன்து ஸ்கேலு மாதிரி நேரா படுத்துகினு கீது. மீன் பெட்டிலேர்ந்து உப்புத் தண்ணி ஒழுவி ஒழுவித் தின்னுட்டுது. இந்தப் பக்கம் ஒண்ணு வுட்டே போச்சி. வண்டியக் கழுவவே மாட்டியா?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவுமாண்ணே?"

"சாயங்காலமே எடுத்துக்கோ."

பட்டறையின் மூலையில் என் வண்டி அளவுக்கே புதுப் பட்டைகள் வளைத்து, அடித்து, எண்ணெய் தடவி, தயாராகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒன்று கூடுதலாக வேறு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மாதாவின் அற்புதம், வேறென்ன? பொருத்தனையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவனுக்கே இவ்வளவு செய்கிறாளே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது தாமஸ் சொன்னார்: "கனமானத கேபின் பக்கத்துல ஏத்து. வழில யாரையும் பின்னாடி வாலுல ஏத்தாத, மறுபடியும் குந்திக்கும். இன்னொண்ணு, இது இப்போ முறுக்கா கீது. காலியா ஓட்டுனா தூக்கி அடிக்கும். பின்னாடி ஏதாச்சும் வெயிட்டு போட்டுகினு ஓட்டு."

அவர் பொய் சொல்லவில்லை. திருவொற்றியூரிலிருந்து கல்மண்டபம் வரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் என் மண்டை கேபின் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. வீட்டில் கிறிஸ்டினாவிடம் எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். தாமஸ் சொன்னதை அவள் இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ வாலுல ஏத்தக் கூடாது. காலியா போனா வெயிட்டு போடணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான். உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான்யா. நீ படற கஷ்டத்தத் தெரிஞ்சிக்கலாம்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏற்றினோம். இந்த முறை கனமெல்லாம் முன்னால். டிரம் ஏறியது, சிலிண்டர் ஏறியது, அண்டாவுக்குள் அண்டா ஏறியது. வண்டி அசையவில்லை. பரேடில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றது. லைட்டைப் போட்டேன், ஒழுங்காக ரோட்டில் விழுந்தது. மாடியிலிருந்து ஜானட் கை தட்டினாள். வியாகுலம்மாள் வண்டிக்குத் திருஷ்டி கழித்தாள். அந்தச் சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"சோக்கா நிக்குதுய்யா" என்றாள் கிறிஸ்டினா. கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று கேபினுக்குள் ஏறி, ரொம்ப நேரம் துடைத்துவிட்டு இறங்கினாள். பிறகு நான் ஏறியபோது சீட்டு முன்னுக்குத் தள்ளியிருந்தது, என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சாமான் ஏற்றிய பையன்கள் வேலை என்று திட்டிக்கொண்டே பின்னுக்குத் தள்ளினேன்.

புறப்படும் நாள். விடியற்காலைப் பூசை முடிந்தது. சாமியார் வண்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். ஜனமெல்லாம் காவி உடுத்தி, வெறுங்காலோடு, ஜெபமாலையோடு நின்றது. நான் புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இடுப்புக்கு ஒரு குஷன், கையில் ஒரு முறுக்குப் பொட்டலம். கூட்டத்தைப் பார்த்து, 'கொடுத்து வெச்சவங்க, நடங்க' என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

உள்ளே கிறிஸ்டினா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் வியாகுலம்மாள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு.

"கிறிஸ்டி, எறங்கு. வெளாடற நேரமா இது? ஜனம் நிக்குது."

"நீ தள்ளி நில்லுய்யா, கதவ மூடணும்."

"நீ எப்புடி ஓட்டுவ? லைசென்ஸு?"

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸில் சிரித்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"நீ... நீ காலைல கோயிலுக்குத்தானே போன?"

"போனேனே. டிரைவிங் ஸ்கூலு கோயிலுக்கு எதுத்தாப்புலதான் கீது. கும்பிட்டுட்டுப் போய்தான் ஓட்டுனேன். ஞாயித்துக்கெழம நீ சொல்லிக் குடுத்த. பாலத்து மேட்டுல எடுக்கறதுக்கு அந்த மாஸ்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு."

"வண்டி ஓட்டுறது எவ்ளோ கஷ்டம்னு..."

"அதான்யா! நடக்கறத வுட கஷ்டம்னு நீதானே வாய் வலிக்கச் சொன்ன. அவ்ளோ கஷ்டம் உனக்கு எதுக்கு? கிட்னில கல்லு வந்த ஒடம்பு. அத நான் படறேன். நீ நிம்மதியா நட."

நான் தாமஸை நினைத்தேன். இருமலை நினைத்தேன். மூலையில் எண்ணெய் தடவிச் சாய்த்து வைத்திருந்த பட்டைகளை நினைத்தேன். அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"பட்டைய நான்தான் அப்பவே சொல்லி வெச்சேன். நான் சொன்னா நீ வண்டியப் பட்டறைக்குக் கொண்டுபோவ மாட்ட. உன் காலுக்கு ஆபத்துன்னா ஓடுவன்னு தெரியும். கனத்த வால்ல ஏத்துனேன், ஓடிட்ட."

"நோயல் மச்சான்?"

"எங்க அண்ணன் வண்டிய வித்து ரொம்ப நாளு ஆவுதே. உனக்குத் தெரியாது? அவருக்கு நீ போன் பண்ணாத்தானே தெரியும்."

"டேய் ஜேக்கப்பு" என்று அந்தப் பக்கத்திலிருந்து வியாகுலம்மாள் குரல் விட்டாள். "நேரமாவுது. அந்தக் கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுக் கொடியப் புடி."

யாரோ என் கையில் கொடியைக் கொடுத்தார்கள். யாரோ தோளில் காவித் துண்டைப் போட்டார்கள். என் அளவுக்கே காவி வேட்டியும் தயாராக இருந்தது. முறுக்குப் பொட்டலம் கைமாறி வியாகுலம்மாள் மடிக்குப் போய்விட்டது. அரை கிளட்சில், ஒரு விக்கல்கூட இல்லாமல், கிறிஸ்டினா வண்டியை நகர்த்தினாள். "மரியே வாழ்க!" என்று கூட்டம் கோஷம் போட்டது. நானும் போட்டேன். வேறென்ன செய்ய?

மெரினா தாண்டும்வரை வீம்பில் நடந்தேன். அடையாறில் வீம்பு போய்விட்டது. திருவான்மியூரில் குதிகாலில் கொப்புளம் வந்தது, அடுத்த காலுக்கும் உடனே வந்துவிட்டது. நீலாங்கரையில் கொடி என்னைப் பிடித்துக்கொண்டு வந்தது. அப்போது வண்டி பின்னாலிருந்து மெதுவாக வந்து என் பக்கத்தில் உருண்டது. என்ன அழகாக நிமிர்ந்து வருகிறது! நான் நிமிர்த்திய வண்டி. ஜன்னலில் கிறிஸ்டினா, என் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்டி, முடியலடி. நெசமாவே கால் வுட்டுப் போச்சி. மாதா கோவிச்சிக்க மாட்டா. பின்னாடி ஓரமா ஏறிக்கறேன்."

அவள் வண்டியை நிறுத்தினாள். இறங்கி வந்தாள். என்னை ரோட்டோரத்தில் உட்கார வைத்து, வண்டிக்குள்ளிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தாள். புத்தம் புதுசு, என் அளவு. கொப்புளத்துக்கு மருந்து தடவி, துணி சுற்றி, தானே மாட்டிவிட்டாள். மோர் கொடுத்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. கல் இறங்காமல் நான் துடித்த ராத்திரியில் இதே முகம்தான் அழுதுகொண்டிருந்தது என்பது நினைவுக்கு வந்தது. மனம் இளகிவிட்டாள் என்று நினைத்து, வண்டியின் பின்கதவில் கை வைத்தேன்.

"ஏ ஏ, கைய எடு! வாலுல ஆள ஏத்துனா பட்டை குந்திக்கும்னு தாமஸ் அண்ணன் சொல்லலியா?"

"அப்போ நான் எப்பதான் ஏறறது?"

"திரும்பி வரும்போது ஏறிக்கோய்யா" என்று சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "சாமானெல்லாம் தீந்துடும், ஜனம் ரயில்ல வந்துடும். வண்டி காலியா தூக்கி அடிக்கும். பின்னாடி ஏதாச்சும் வெயிட்டு வேணும்ல."